மூலைமட்டத்தின் மறுதலை

அவருக்கு மூலைமட்டம் என்று பெயர் வைத்தது டைல்ஸ் கடைக்காரர். தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிற எல்லாரும், மூலை சரியாகத் தொண்ணூறு பாகையா என்று பார்க்கிற மூலைமட்டத்தைப் பையில் வைத்திருப்பார்கள். இவர் வாயில் வைத்திருந்தார். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "இந்த மூலை தொண்ணூறு இல்ல, யார் கட்டினது?" என்று ஆரம்பித்துவிடுவார். வீட்டுக்காரர் கட்டினவரையே கூட்டிவந்து பக்கத்தில் நிறுத்தியிருப்பார் என்பதெல்லாம் அவருக்குப் பிறகுதான் உறைக்கும். பாதி நாள் அவர் சொன்னது சரியாக இருக்கும். மீதிப் பாதியைப் பற்றி, "அதையெல்லாம் யார் ஞாபகம் வச்சிருக்கா" என்று பிற்காலத்தில் அவரே சொல்லிச் சிரிப்பார்.

வாதம் என்றால் அவருக்குப் பசி தெரியாது. கல்யாணமான புதிதில் மனைவியின் சித்தி மகள் வீட்டு விசேஷத்துக்குப் போக வேண்டியிருந்தது. "மழை பெஞ்சா நான் வரமாட்டேன்" என்று காலையில் சொன்னார். மழை பெய்யவில்லை. வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. அவரும் போகவில்லை. திரும்பிவந்த மனைவி வாசலிலேயே நின்று கேட்டாள்.

"மழைதான் பெய்யலையே, ஏன் வரல?"

"மழை பெஞ்சா வரமாட்டேன்னு சொன்னேன். பெய்யலன்னா வருவேன்னு எப்பவாவது சொன்னேனா?"

அவள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அன்று அவர் யோசிக்கவில்லை. வென்றுவிட்டோம் என்றே நினைத்துக்கொண்டார். ஒரு வாரம் தன் சட்டையைத் தானே துவைத்தபோதுகூட அந்த நினைப்பு குறையவில்லை.

மனைவி ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். படுக்கை விரிப்புகள், தலையணை உறைகள், ஆபரேஷன் அறைத் துணிகள் என்று நாள் முழுக்க நீராவியில் நின்று, மடித்து, அடுக்கி அனுப்புகிற வேலை. மேற்பார்வையாளர் இடம் காலியாகப் போகிறது என்று பேச்சு வந்தது. வேலையில் அவளைவிட மூத்தவர்கள் அங்கே யாரும் இல்லை; ஆனால் அந்த இடத்துக்குப் பள்ளி இறுதித் தேர்வு தேறியிருக்க வேண்டும். அவள் அதற்கு முந்தின வருஷத்தோடு படிப்பை விட்டவள். ஒரு நாள் வேலை முடிந்து வந்ததும், "சாயங்கால வகுப்புல சேர்ந்துட்டேன்" என்றாள். கேட்கவில்லை, சொன்னாள்.

மூலைமட்டத்துக்கு ஒரே பெருமை. பாதி அவளுக்காக, பாதி தனக்காக. வடிவியல் வரும் என்று கேள்விப்பட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"இந்தப் பாடத்துக்கு மட்டும் நீ வகுப்புக்கே போக வேண்டாம். காலையில முட்டி போட்டேன்னா சாயங்காலம் வரைக்கும் எனக்கு இதுதானே வேலை."

"முட்டி போடறது உங்க வேலைதான். இது நிபந்தனைக் கூற்றுன்னு வருது. 'இது இப்படி என்றால், அது அப்படி' அப்படின்னு."

"அதான் நானும் சொல்றேன். ஒரு ரூம் செவ்வகமா இல்லையான்னு எப்படிப் பார்க்கறது? கிராஸ் பிடிக்கணும். இந்த மூலையிலேர்ந்து அந்த மூலைக்கு ஒண்ணு, அந்த மூலையிலேர்ந்து இந்த மூலைக்கு ஒண்ணு. உங்க புஸ்தகத்துல அதுக்குத்தான் மூலைவிட்டம்னு பேரு. ரெண்டும் சமமா இருந்தா செவ்வகம். அவ்வளவுதான். எழுதிக்கோ."

"எப்பவுமேவா?"

"என் முட்டியைக் கேளு."

அவள் எழுதிக்கொண்டாள். அவர் எழுந்து, புத்தகத்தில் அடுத்து என்ன இருக்கிறது என்று புரட்டிக்கூடப் பார்க்காமல், முகம் கழுவப் போய்விட்டார்.

மாதக் கடைசியில் வகுப்பில் ஒரு சின்னத் தேர்வு வைத்தார்கள். மனைவி திரும்பிவந்து, விடைத்தாளை மேஜைமேல் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். நாற்கரம் ஒன்றின் மூலைவிட்டங்கள் சமம் என்றால் அது செவ்வகமா, காரணம் கூறு என்று கேட்டிருந்தார்கள். ஆமாம் என்று எழுதியிருந்தாள். காரணம் என்ற இடத்தில், 'என் கணவர் பல வருடங்களாகப் பார்த்திருக்கிறார்' என்று எழுதியிருந்தாள். டீச்சர் அதைச் சிவப்பு மையால் அடித்திருந்தார்.

"தப்பாம். 'செவ்வகம்னா மூலைவிட்டம் சமம்', அது சரி. அதைத் திருப்பிப் போட்டா அதுக்கு மறுதலைன்னு பேரு. மறுதலை சரியா இருந்தே ஆகணும்னு கட்டாயம் இல்லையாம். டீச்சர் பலகையில ஒரு படம் போட்டுக் காட்டினாங்க."

"படத்துல என்ன வேணா போடலாம். படத்துமேல டைல்ஸ் ஒட்டச் சொல்லு பார்ப்போம்."

"வகுப்பே சிரிச்சுது. உங்க கணவர் எத்தனை ரூம் பார்த்திருக்கார்னு கேட்டாங்க."

அதுதான் அவருக்குச் சுருக்கென்றது. மைத்துனன் அங்கேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். மனைவியின் தம்பி, பசை கலக்கி, டைல்ஸ் வெட்டி, பல வருஷமாக அவரோடுதான் வேலை செய்கிறான். அவன் எதிரில் விட்டுக்கொடுக்க முடியுமா? மூலைமட்டம் மீசையை ஒரு தடவை நீவிவிட்டுச் சொன்னார்.

"அந்த டீச்சரம்மா சொல்றது சரின்னா, இந்த மீசையை எடுத்துடறேன்."

மைத்துனன் டீயை வைத்துவிட்டு, "மாமா, எதுக்கும் யோசிச்சு..." என்று இழுத்தான்.

"நீ பசையைக் கலக்கற வேலையைப் பாரு, மாப்ள."

அடுத்த வாரமே பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் வேலை வந்தது. இரண்டு தெருக்கள் சேருகிற முனையில் இருந்த கட்டடம். கீழ்த்தளத்தில் நோயாளிகள் காத்திருக்கிற பெரிய அறைக்குத் தரை போட வேண்டும். டாக்டரம்மா வெளிர் சாம்பல் நிற டைல்ஸ் எடுத்து வைத்திருந்தார். அந்த அறை எப்படிப்பட்டது என்று இப்போது யாரும் சொல்லிவிடலாம். இரண்டு தெருக்களும் நெருங்கி வருகிற இடம் என்பதால் கட்டடமும் முன்பக்கம் கொஞ்சம் ஒடுங்கியிருந்தது. பின்சுவர் அகலம், வாசல் சுவர் குறுகல், இரண்டு பக்கச் சுவர்களும் ஒரே நீளத்தில் ஒரே மாதிரி உள்ளே சாய்ந்து வந்தன. வித்தியாசம் ஒன்றும் அதிகமில்லை. அவ்வளவு பெரிய அறையில் கண்ணுக்குத் தெரியாது. டேப்பை முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை அகலத்தில் பிடித்திருந்தால் தெரிந்திருக்கும்.

மூலைமட்டம் டேப்பைக் குறுக்கே மட்டும்தான் பிடித்தார். மைத்துனன் ஒரு முனை, அவர் ஒரு முனை. முதல் கிராஸ். இரண்டாவது கிராஸ். இரண்டும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக இருந்தன.

"பார்த்தியா மாப்ள? செவ்வகம். உங்கக்கா டீச்சரை இங்க கூட்டிட்டு வந்து நிறுத்தணும்."

இடது சுவரை ஒட்டி நூல் கட்டினார். அதை ஒட்டியே முதல் வரிசை, அடுத்த வரிசை என்று முழு டைல்ஸாக ஒட்டிக்கொண்டு போனார். சுவரோரம் வெட்டிப் போடுகிற துண்டுகளைக் கடைசியில் ஒட்டுவது அவர் வழக்கம். நடுவில் மைத்துனன் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "மாமா, வாசப்பக்கம் கொஞ்சம் குறுகலாத் தெரியுது" என்றான்.

"கிராஸ் சரியா இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சு."

"அப்புறம் உன் கண்ணு எதுக்கு?"

வேலை சுத்தமாகத்தான் நடந்தது. ரசமட்டம் வைத்தால் குமிழி நடுவில் நின்றது. டைல்ஸுக்கும் டைல்ஸுக்கும் நடுவே கோடு பிடித்ததுபோல் இருந்தது. மறுநாள் மத்தியானம் கடைசி முழு டைல்ஸையும் தட்டி உட்காரவைத்துவிட்டு, வலது சுவரோரத் துண்டுக்கு அளவெடுக்கக் குனிந்தார். பின்சுவர்ப் பக்கம் மிச்சமிருந்த இடைவெளியில் அவர் கையை விரித்து வைக்க முடிந்தது. அப்படியே சுவரோடு ஊர்ந்து வாசல் பக்கம் வந்தார். அங்கே சுண்டுவிரல்தான் நுழைந்தது. முன்சுவரோரமும் பின்சுவரோரமும் பார்த்தார். அங்கேயும் இடைவெளி ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் இளைத்துத்தான் ஓடியது.

முதலில் டேப்பைச் சந்தேகப்பட்டார். மைத்துனனின் டேப்பை வாங்கி மறுபடியும் கிராஸ் பிடித்தார். சமம். பிறகு சுவரைச் சந்தேகப்பட்டார். "சுவர் நகர்ந்திருக்கு" என்றார். நேற்று காலைக்கும் இன்று மத்தியானத்துக்கும் நடுவில் சுவர் எங்கே போகப்போகிறது என்று மைத்துனன் கேட்கவில்லை. அவன் கேட்காமல் இருந்ததுதான் அவருக்கு அதிகமாக வலித்தது.

அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா வந்தார். வாசலிலேயே நின்று தரையைப் பார்த்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார். பல்லில் சொத்தை தேடுகிற மாதிரியே இருந்தது.

"அந்த ஓரம் ஏன் அப்படிக் கூம்பிப் போகுது?"

மூலைமட்டத்தின் வாய் அவரை முந்திக்கொண்டது. "அது டிசைன் டாக்டர். இப்ப எல்லாரும் அப்படித்தான் கேக்கறாங்க."

"டிசைன்னா இந்தப் பக்கமும் இருக்கணுமே" என்று அவர் இடது சுவரைக் காட்டினார். குரலில் கோபம் ஒன்றும் இல்லை. சந்தேகம் கேட்கிறவர் மாதிரிதான் கேட்டார்.

மூலைமட்டம் இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். முட்டியிலிருந்த பசைத் தூளைத் தட்டிவிட்டு எழுந்து நின்றார்.

"டிசைன் இல்லீங்க டாக்டர். தப்பு. ரூம் செவ்வகம்னு நெனச்சுட்டேன். பேத்து எடுத்துட்டு மறுபடி போட்டுத் தர்றேன். உடையறதெல்லாம் என் பொறுப்பு."

டாக்டரம்மா சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனார். மத்தியானம் முழுக்க இரண்டு பேரும் சேர்ந்து ஒட்டினதையெல்லாம் பெயர்த்தார்கள். நேற்று ஒட்டினது முரண்டு பிடித்தது, இன்று ஒட்டினது சுலபமாக வந்தது. நல்ல பசை, நல்ல கை, நல்ல மட்டம் என்று ஒவ்வொன்றும் உடையும்போது மூலைமட்டம் தன்னையே பாராட்டிக்கொண்டார். இவ்வளவு ஒழுங்காகத் தப்பு செய்கிறவனை எங்கே தேடினாலும் கிடைக்காது என்று மைத்துனனிடம் சொன்னபோதுதான் அவன் அன்று முதல் தடவையாகச் சிரித்தான்.

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "அந்த டீச்சர் போட்ட படம் எப்படி இருந்துச்சு?" என்று, ஏதோ பொழுதுபோகாமல் கேட்கிறவர்போல் கேட்டார். அவள் அவர் முகத்தையும் முட்டியையும் பார்த்தாள். தம்பி போனில் எல்லாவற்றையும் முன்பே சொல்லியிருந்தான் என்பது அவருக்குத் தெரியாது.

அவள் படம் போடவில்லை. ஒரு தாளை எடுத்து நீளவாக்கில் பாதியாக மடித்தாள். மடிப்பு இல்லாத ஓரத்தைக் கத்தரிக்கோலால் சாய்வாக வெட்டினாள். விரித்து மேஜைமேல் வைத்தாள். ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல்.

"இது செவ்வகமா?"

"இல்ல."

"கிராஸ் பிடிங்க."

இடுப்பிலிருந்த டேப்பை எடுத்துப் பிடித்தார். இரண்டும் சமம். மறுபடி பிடித்தார். டேப்புக்கு அவர்மேல் ஏதோ பகை இருக்கிற மாதிரி இருந்தது.

"மடிச்சுப் பாருங்க, இந்த மூலை அந்த மூலைமேல உக்காருது. அப்ப இந்தக் கோடும் அந்தக் கோட்டுமேலதான் உக்காரும். சமமா இல்லாம எங்க போகும்? இதுக்கு இருசமபக்கச் சரிவகம்னு பேரு. படுக்கை விரிப்பு மாதிரியே இருக்கு, மடிச்சாப் புரியுது."

"அப்ப இத்தனை வருஷமா நான் கண்டுபிடிச்ச கோணல் ரூமெல்லாம்?"

"அது சரிதான். கிராஸ் சமமா இல்லன்னா செவ்வகம் இல்ல. அது நேர்மாறு. செவ்வகம்னா சமம்னு ஒத்துக்கிட்டா, அதையும் ஒத்துக்கிட்டுத்தான் ஆகணும். சமமா இருந்தா செவ்வகம்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் மறுதலை. அது தனிக் கதை."

அவர் தாளை எடுத்துத் தானே ஒரு தடவை மடித்துப் பார்த்தார். மனைவி கத்தரிக்கோலை எடுத்து வைத்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள்.

"இது உங்களுக்குத் தெரியாதது இல்லையே. மழை பெஞ்சா வரமாட்டேன்னு சொன்னா, பெய்யலன்னா வருவேன்னு அர்த்தமான்னு என்கிட்ட கேட்டீங்கல்ல? அதே மாதிரிதான், நீங்க வரலைங்கறதை வச்சு மழை பெஞ்சுதுன்னு சொல்ல முடியுமா? உங்களுக்குச் சௌகரியமா இருந்தப்ப நல்லாத் தெரிஞ்சுது."

அன்று வாசலில் நின்று அவள் பார்த்த பார்வைக்கு இப்போது அர்த்தம் புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரி என்ன சொன்னார் என்பதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. எதிரெதிர்ப் பக்கங்கள் சமமா என்று முதலில் பார், அப்புறம் கிராஸ் பார் என்றுதான் அவர் சொல்லியிருந்தார். இரண்டும் சேர்ந்தால்தான் செவ்வகம். பார்த்த அறைகளிலெல்லாம் எதிரெதிர்ச் சுவர்கள் சமமாகவே இருந்ததால், கொஞ்சம் கொஞ்சமாக முதல் பாதியைச் செய்யாமல் விட்டார்; பிறகு சொல்லாமல் விட்டார்; கடைசியில் அப்படி ஒன்று இருந்ததையே மறந்துவிட்டார். சோம்பலுக்கு அனுபவம் என்று பெயர் வைத்தது தான்தான் என்று நினைத்தபோது அவருக்கே சிரிப்பு வந்தது.

காலையில் மீசையை எடுத்தார். கண்ணாடியில் தெரிந்த முகம் அவருடைய அண்ணன் முகம்போல் இருந்தது, அதுவும் கடன் கேட்க வந்திருக்கிற அண்ணன். மனைவி பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். உள்ளேயிருந்து வந்தது இருமலா சிரிப்பா என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

உடைந்ததற்குப் பதில் டைல்ஸ் வாங்கப் போனபோது கடைக்காரர் கல்லாவிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். பந்தயக் கதை அங்கேயும் வந்து சேர்ந்திருந்தது.

"என்ன மூலைமட்டம், அப்ப டீச்சர் சொன்னதுதான் சரியா?"

மூலைமட்டம் வழுவழுவென்றிருந்த மேலுதட்டைத் தடவினார். புதிதாகக் கற்றது பக்கத்திலேயே இருந்தது.

"அவங்க சொன்னது சரின்னா மீசையை எடுக்கறேன்னுதானே சொன்னேன்? எடுத்துட்டேங்கறதுக்காக அவங்க சொன்னது சரின்னு ஆயிடுமா? வெயிலுக்குக்கூட எடுக்கலாம்."

கடைக்காரர் மறுபடி கல்லாவில் உட்கார்ந்தார். கூட வந்திருந்த மைத்துனன்தான் கேட்டான்.

"அப்ப டீச்சர் சொன்னது சரி இல்லையா, மாமா?"

"சரிதான்டா. ஆனா என் மீசையை வச்சு அதைக் கண்டுபிடிக்க முடியாதுன்னு சொல்றேன்."

இந்த முறை பல் டாக்டர் அறையில் நாலு சுவரையும் அளந்தார், இரண்டு கிராஸையும் அளந்தார், பையின் அடியில் துருப்பிடித்துக் கிடந்த மூலைமட்டத்தையும் எடுத்து ஒவ்வொரு மூலையிலும் வைத்துப் பார்த்தார். பின்சுவரின் நடுவிலிருந்து வாசல் சுவரின் நடுவுக்கு நூல் கட்டினார். அந்த நூலிலிருந்து இரண்டு பக்கமும் சரிசமமாகச் சாம்பல் டைல்ஸ் ஒட்டினார். இரண்டு ஓரத்திலும் மிஞ்சினது ஒரே மாதிரிக் கூம்பிப் போன பட்டை. அதற்கு டாக்டரம்மாவிடம் கேட்டு அடர்ந்த நீல டைல்ஸ் வாங்கிப் போட்டார். 'இந்தப் பக்கமும் இருக்கணுமே' என்று அவர் சொன்னதுதான் யோசனை. அதைத் தன் யோசனை என்று சொல்ல வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டார்.

முடிந்த பிறகு பார்த்தால், வாசலிலிருந்து உள்ளே போகப் போக அறை விரிந்து வரவேற்கிற மாதிரி இருந்தது. டாக்டரம்மா சுற்றி நடந்து பார்த்துவிட்டு, "இப்ப டிசைன்தான்" என்றார்.

வினை அதோடு விடவில்லை. பக்கத்து மருந்துக் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு அதே மாதிரி தன் கடைக்கும் வேண்டும் என்று பிடித்துக்கொண்டார். மூலைமட்டம் போய் அளந்தார். எதிரெதிர்ச் சுவர்கள் சமம், கிராஸ் சமம், மூலைகள் நாலும் தொண்ணூறு. அப்படி ஒரு செவ்வகத்தை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை.

"உங்க கடைக்கு அது வராதுங்க."

"ஏன், டாக்டருக்கு மட்டும்தான் போடுவீங்களா?"

"ரூம் கோணலா இருந்தா அந்தப் பட்டை தன்னால வரும். உங்களுக்கு வேணும்னா முதல்ல ரெண்டு பக்கச் சுவரையும் இடிச்சுக் கோணலாக் கட்டணும். நல்லாக் கட்டற ஆளைக் கூப்பிட்டுட்டீங்க, நான் என்ன பண்றது."

மருந்துக் கடைக்காரர் கடைசிவரை நம்பவில்லை. வேறு ஆளை வைத்து நீலப் பட்டையை நேராகப் போட்டுக்கொண்டார். தெருவில் பார்த்தால் இப்போதும் அவரிடம் அவ்வளவாகப் பேச்சு கிடையாது.

மனைவி தேர்வு எழுதினாள். அந்தக் காலையில் மூலைமட்டம் வேலைக்குப் போகாமல், பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். வெளியே வந்தவள், "சரிவகம் வரல, வட்டம்தான் வந்துது" என்றாள். தேறிவிட்டாள். கணக்கில் மார்க் ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் காரணம் கூறு என்ற கேள்விகளில் மட்டும் ஒன்றைக்கூட விடவில்லை. மேற்பார்வையாளர் இடமும் கிடைத்தது. அவர் மீசை மறுபடி வளர்ந்தது. அதில் நரை முன்பைவிட அதிகமாக இருந்தது. வேலையும் முன்பைவிட மெதுவாகத்தான் நடந்தது, அளக்க வேண்டியதையெல்லாம் அளந்ததால். மைத்துனன் அதற்கு முனகவில்லை.

புது வேலையில் சேர்ந்த கொஞ்ச நாளில் மனைவி சாப்பிடும்போது ஒரு கதை சொன்னாள். சலவைப் பிரிவில் எல்லாரிடமும், 'கறை இருந்தா நீலக் கூடையில போடுங்க' என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். கிழிந்த விரிப்புகளை எங்கே போடுவது என்று அவள் சொல்லவில்லை. ஒருத்தி அதையும் நீலக் கூடையிலேயே போட்டுவிட்டாள். இயந்திரத்தருகில் நின்றவர், நீலக் கூடையில் இருந்தால் கறையாகத்தான் இருக்கும் என்று கிழிசலையெல்லாம் மருந்து போட்டு மூன்று தடவை துவைத்துவிட்டார். கை அகலக் கிழிசல் ஆள் நுழைகிற அளவுக்கு ஆகிவிட்டது.

மூலைமட்டம் வாய்விட்டுச் சிரித்தார். "நீலக் கூடையில இருந்தா கறையா? அது எப்படி? இதுகூடவா தெரியாது ஒரு மனுஷனுக்கு?"

மனைவி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். அவர் சிரிப்பு மெல்ல இறங்கி நின்றது. தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். அப்படியே அவள் தட்டையும் சேர்த்து எடுத்தார்.

"நான் இன்னும் சாப்பிட்டு முடிக்கல" என்றாள் அவள்.

அவர் அவள் தட்டைத் திரும்ப வைத்துவிட்டு, தன் தட்டைக் கழுவக் குழாயைத் திறந்தார்.